ரேடார் டிடெக்டர் வாங்கலாமா? அமெரிக்காவில் கார் ஓட்டுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எடிசன், டாலஸ், பே ஏரியா என்று நம்மவர்கள் எங்கே கூடினாலும், அதில் ஒருவர் புதிதாக ஸ்பீடிங் டிக்கெட் வாங்கியிருப்பார். கதையைக் கேட்டு முடித்ததும் அடுத்தவர் கேட்பது, "பேசாம ஒரு ரேடார் டிடெக்டர் வாங்கிடலாமா?" பிறந்தநாள் விழாக்களிலும் கோயில் பார்க்கிங்கிலும் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அவ்வப்போது திருத்தமும் வரும். உங்கள் டிக்கெட்டின் பின்பக்கத்தையும் படித்துவிடுங்கள்.

இந்தப் பெட்டி உண்மையில் என்ன செய்கிறது?

போலீஸ் ரேடார் அலை வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, வந்தால் கத்தும், அவ்வளவுதான். போலீஸ் கையில் இருக்கும் ரேடார் கன் மைக்ரோவேவ் அலையை அனுப்புகிறது. அது உங்கள் காரில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் கொஞ்சம் மாறியிருக்கும். பள்ளிக்கூடத்தில் படித்த டாப்ளர் விளைவுதான். 24.15 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் கன் என்றால், மணிக்கு ஒரு மைல் வேகத்துக்கு ஏறத்தாழ 72 ஹெர்ட்ஸ் மாற்றம் வரும். அதை எண்ணி வேகத்தைச் சொல்லிவிடுகிறது.

கன்னுக்கு அலை போய்த் திரும்பி வர வேண்டும். டிடெக்டருக்கு ஒரு வழிப் பயணம் போதும். ஒரு மைல் தள்ளி, முன்னால் போகும் வேறு யாரோ ஒருவர் மேல் அடிக்கும் ரேடார் சிதறி வந்தாலும் இது கேட்டுவிடும். உங்களுக்குக் கிடைக்கும் சாதகம் முழுக்க இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. முன்னால் யாருமே இல்லாத ராத்திரி ரோட்டில், உங்களைப் பார்த்த பிறகுதான் போலீஸ் கன்னை அழுத்துகிறார் என்றால், டிடெக்டர் கத்துவதும் உங்கள் வேகம் அவர் திரையில் விழுவதும் ஒரே நேரம். 'இன்ஸ்டன்ட் ஆன்' என்று இதைச் சொல்வார்கள். அப்போது அந்தச் சத்தம் எச்சரிக்கை இல்லை, தகவல்.

இதை வைத்திருப்பது குற்றமா?

சொந்தக் காரில் வைத்திருந்தால், பெரும்பாலான மாநிலங்களில் குற்றமில்லை. முழுத் தடை இருக்கும் மாநிலம் வெர்ஜீனியா ஒன்றுதான். வாஷிங்டன் டி.சி.யிலும் தடை. ராணுவத் தளங்களுக்குள்ளும் கூடாது. பத்தாயிரம் பவுண்டுக்கு மேல் எடையுள்ள வணிக வாகனங்களில் நாடு முழுவதும் மத்திய அரசு விதிப்படி தடை உண்டு. லாரி ஓட்டும் நண்பர்கள் இதை நினைவில் வைக்கவும்.

கலிஃபோர்னியாவில் டிடெக்டருக்குத் தடை இல்லை. ஆனால் முன்கண்ணாடியில் பார்வையை மறைக்கும்படி பொருள் ஒட்டுவதற்குக் கட்டுப்பாடு உண்டு. அங்கே பலரும் டேஷ்போர்டு மேலேயே வைத்துக்கொள்கிறார்கள்.

நியூ ஜெர்சியிலிருந்து ஐ-95 பிடித்து தெற்கே போகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. மேரிலாந்து வரை பிரச்சினை இல்லை, டி.சி. எல்லைக்கு முன்பே அணைத்து, ஒயரைக் கழற்றி, டிக்கியில் போட்டுவிடுங்கள். மின் இணைப்பு இல்லாமல், ஓட்டுநருக்கோ கூட இருப்பவருக்கோ கைக்கு எட்டாமல் இருந்தால் குற்றமில்லை என்று வெர்ஜீனியா சட்டமே சொல்கிறது. "மடியில் வைத்து ஓட்டினால் யாருக்குத் தெரியும்?" என்று கேட்பவர்களுக்கு: டிடெக்டரிலிருந்தும் மெல்லிய அலை கசியும். அதைப் பிடிக்கவே தனிக் கருவிகள் போலீஸிடம் உண்டு.

டொராண்டோவில் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகிறோம். கூடவே எடுத்துப் போகலாமா?

வேண்டாம். பஃபலோவில் பாலம் தாண்டினால் ஒன்டாரியோ. அங்கே டிடெக்டரைப் பயன்படுத்துவது மட்டுமில்லை, காரில் வைத்திருப்பதே குற்றம். அணைத்து வைத்திருந்தாலும் கணக்கு அதேதான். அபராதம், 3 டீமெரிட் பாயின்ட் (லைசென்ஸ் பதிவில் ஏறும் குற்றப் புள்ளி), கருவியும் பறிமுதல். கியூபெக்கிலும் தடை. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா, ஆல்பர்டா, சஸ்காச்சுவான் ஆகிய மேற்கு மாகாணங்களில் மட்டும் சொந்தக் காரில் வைத்துக்கொள்ளலாம். ஸ்கார்பரோ கல்யாணத்துக்குப் போகும்போது அதை வீட்டு மேசை டிராயரிலேயே விட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

எக்ஸ், கே, கேஏ என்று பெட்டியில் போட்டிருக்கிறதே, எது முக்கியம்?

கேஏ. இவை ரேடார் அலைவரிசைகளின் (பேண்ட்) பெயர்கள்; மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எக்ஸ் பேண்ட் 10.5 கிகாஹெர்ட்ஸ் பக்கம், ரொம்பப் பழையது. இன்று பெரும்பாலான மாநிலங்களில் அதை யாரும் தொடுவதில்லை. கடைகளின் தானியங்கிக் கதவுகள்தான் அதில் சத்தம் போடுகின்றன. கே பேண்ட் 24 பக்கம். போலீஸும் பயன்படுத்துகிறது, ஊரில் உள்ள பாதிக் கார்களின் சென்சாரும் பயன்படுத்துகிறது. கேஏ பேண்ட் 33.4 முதல் 36 வரை. போலீஸ் கன்கள் பெரும்பாலும் 33.8, 34.7, 35.5 என்ற மூன்று இடங்களில்தான் உட்கார்ந்திருக்கும். அந்த அலைவரிசையில் சும்மா கத்தும் பொருட்கள் குறைவு. ஆகவே கேஏ என்று வந்து, திரையில் 34.7 என்றும் காட்டினால், அது பெரும்பாலும் நிஜம். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டியதுதான்.

அதிர்வெண்ணை எண்ணாகக் காட்டும் கருவியை வாங்கச் சொல்வது இதனால்தான். வெறும் 'கேஏ' என்று மட்டும் எரியும் விளக்கை விட, 34.7 என்ற எண் எவ்வளவோ மேல். ரெண்டு வாரம் ஓட்டினால் உங்கள் ஊர் போலீஸ் எந்த எண்ணில் வருகிறார்கள் என்று உங்களுக்கே மனப்பாடம் ஆகிவிடும்.

லேசர் கன்னுக்கு இது உதவுமா?

உதவாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் 'லேசர் 360 டிகிரி' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பான். லேசர் கன் அனுப்புவது 904 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி. ஆயிரம் அடி தூரத்தில் அந்தக் கற்றை ஏறத்தாழ மூன்று அடி அகலம்தான் விரிந்திருக்கும். அது குறிபார்ப்பது உங்கள் முன் நம்பர் பிளேட்டையோ ஹெட்லைட்டையோ. ஒரு நொடியின் சிறு பகுதியில் வேகம் பதிவாகிவிடும். டிடெக்டர் 'லேசர்!' என்று அலறும்போது மேம்பாலத்தில் நிற்கும் போலீஸ்காரர் கன்னைக் கீழே இறக்கிவிட்டுக் காருக்கு நடக்கத் தொடங்கியிருப்பார்.

அதுபோல, உங்கள் பின்னாலேயே அதே வேகத்தில் வந்து ஸ்பீடோமீட்டரைப் பார்த்து டிக்கெட் கொடுப்பது, ரோட்டில் இரண்டு கோடுகளுக்கு இடையே நேரத்தை அளப்பது, விமானத்திலிருந்து கணக்கிடுவது, இவை எதிலும் ரேடாரே கிடையாது. பென்சில்வேனியாவில் பல பத்தாண்டுகளாக ரேடார் மாநிலப் போலீஸுக்கு மட்டும் என்றும், சிற்றூர்ப் போலீஸுக்கு நேரம் அளக்கும் முறை என்றும்தான் நடந்து வந்திருக்கிறது. அந்தச் சிற்றூர்ச் சாலைகளில் உங்கள் ஐந்நூறு டாலர் கருவி அமைதியாக இருக்கும். அந்த அமைதியை நம்பி மாட்டியவர்கள் உண்டு.

சரி, எதை வாங்குவது? எவ்வளவு ஆகும்?

நூறு டாலருக்குக் கீழே கிடைப்பதை வாங்காதீர்கள். எல்லாவற்றுக்கும் கத்தும். ஒரு மாதத்தில் நீங்களே அதை அணைத்துவிட்டு ஓட்டுவீர்கள்.

முந்நூறு டாலர் பக்கம் யூனிடன் ஆர்3 போன்றவை நல்ல தொடக்கம். தூரத்திலிருந்தே பிடிக்கும், ஜிபிஎஸ் உண்டு, எண்ணும் காட்டும். இன்னும் மேலே போனால் யூனிடன் ஆர்8, வாலன்டைன் ஒன் இரண்டாம் தலைமுறை, எஸ்கார்ட்டின் ரெட்லைன் 360சி என்று ஐந்நூறிலிருந்து எண்ணூறு வரை போகும். அங்கே கூடுதலாகக் கிடைப்பது அம்புக்குறி. ரேடார் முன்னாலா, பக்கத்திலா, பின்னாலா என்று அம்பு காட்டும். அது வெறும் பகட்டு என்று நினைக்க வேண்டாம். எதிர்ப்பக்கம் போகும் போலீஸ் காரைக் கடந்ததும் முன் அம்பு அணைந்து பின் அம்பு எரியும். ஆபத்து தாண்டிவிட்டது என்று தெரியும். பின் அம்பு மட்டும் விடாமல் எரிந்து பலமும் கூடிக்கொண்டே வந்தால், கண்ணாடியில் பின்னால் பார்க்க வேண்டிய நேரம்.

வாரம் முழுக்க அலுவலகத்துக்கு உள்ளூர் ரோட்டில் போய் வருபவருக்கு அம்புக்கெல்லாம் செலவழிக்கத் தேவையில்லை. மாதாமாதம் ஹூஸ்டனுக்கும் ஆஸ்டினுக்கும் இடையே ஓடுபவர் என்றால் யோசிக்கலாம்.

பழையது வாங்கினால் ஜிபிஎஸ் உள்ள மாடலா, அப்டேட் இன்னும் வருகிறதா என்று பாருங்கள். உங்கள் காரின் முன்கண்ணாடியில் உலோகப் பூச்சு இருந்தால் எந்தக் கருவியும் மந்தமாகத்தான் கேட்கும். வாங்குமுன் கார் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது பார்த்தாலும் கத்திக்கொண்டே இருக்கிறதே!

பக்கத்து லேனில் போகும் எஸ்யூவியின் பிளைண்ட் ஸ்பாட் சென்சார். பல கார்களில் அது 24 கிகாஹெர்ட்ஸில், அதாவது போலீஸ் கே பேண்டின் வாசலிலேயே வேலை செய்கிறது. ட்ராஃபிக்கில் மாட்டினால் ஒரே கூச்சல். புதிய கார்களில் பல 77 கிகாஹெர்ட்ஸுக்கு மாறியிருப்பதால் கொஞ்சம் நிம்மதி.

செட்டிங்ஸில் முதல் நாளே மூன்று காரியம் செய்யுங்கள். உங்கள் பகுதியில் எக்ஸ் பேண்ட் புழக்கத்தில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு அதை அணையுங்கள். கே பேண்ட் வடிகட்டியைப் போடுங்கள். குறைந்த வேகத்தில் சத்தமில்லாமல் இருக்கும்படி அமையுங்கள். அப்புறம் ஜிபிஎஸ் லாக்அவுட்: தினமும் போகும் வழியில் அந்த மருந்துக் கடைக் கதவு ஒரே இடத்தில் கத்தினால் அந்த இடத்தைக் கருவி நினைவில் வைத்து வாயை மூடிக்கொள்ளும். சில மாடல்கள் தானாகக் கற்கும், சிலவற்றில் பட்டனை அழுத்த வேண்டும். கேஏ பேண்டை மட்டும் எந்தக் காரணத்துக்கும் லாக்அவுட் செய்ய வேண்டாம்.

போனில் வேஸ் இருக்கிறதே, அது போதாதா?

பலருக்குப் போதும். போலீஸ் நிற்கும் இடத்தை ஓட்டுநர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் மேப் ஆப் அது. பகலில் ஐ-95 போன்ற நெரிசலான ஹைவேயில் வேஸ்தான் ராஜா. லேசரோடு மறைந்திருப்பவரையும் அங்கே யாராவது பார்த்துப் போட்டிருப்பார்கள். டிடெக்டரால் ஆகாத காரியம் அது. கூகுள் மேப்ஸிலும் இந்த வசதி உண்டு. ராத்திரி இரண்டு மணிக்கு மேற்கு டெக்சாஸ் ரோட்டில் முன்னால் யாரும் போகவில்லையென்றால், வேஸில் சொல்லவும் ஆள் இல்லை. அங்கே டிடெக்டருக்கு வேலை இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. போனைக் கையில் எடுத்து 'போலீஸ்' பட்டனை அழுத்துவது ஜார்ஜியா உட்படப் பல மாநிலங்களில் தனிக் குற்றம். மற்றவருக்கு உதவப் போய் நீங்கள் டிக்கெட் வாங்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள்.

கேமரா டிக்கெட்?

நியூயார்க் நகரத்தில் பள்ளிப் பகுதிக் கேமராக்கள் 2022 ஆகஸ்டிலிருந்து நாள் முழுக்க வேலை செய்கின்றன; வரம்பை 10 மைலுக்கு மேல் தாண்டினால் 50 டாலர், பாயின்ட் கிடையாது. மேரிலாந்தில் ரோடு வேலை நடக்கும் இடங்களில் 12 மைல் தாண்டினால் வீட்டுக்குக் கடிதம் வரும். டி.சி.யைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவை பெரும்பாலும் நிலையான இடங்கள், வேஸே சொல்லிவிடும். சில டிடெக்டர்களிலும் பட்டியல் உள்ளது.

டிக்கெட் 200 டாலர்தானே, கட்டிவிட்டுப் போனால் என்ன?

அந்த 200 டாலர் நுழைவுக் கட்டணம்தான். நியூ ஜெர்சியில் வரம்புக்கு மேல் 14 மைல் வரை 2 பாயின்ட், 15 முதல் 29 வரை 4, 30க்கு மேல் 5. மூன்று ஆண்டுகளில் 6 பாயின்ட் சேர்ந்தால் மாநில அரசு தனியாக சர்சார்ஜ் (கூடுதல் கட்டணம்) போடும். இதோடு இன்ஷூரன்ஸ் நிறுவனம் தன் பங்குக்குப் பிரீமியத்தைக் கூட்டி, வழக்கமாக மூன்று ஆண்டாவது அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். மகனோ மகளோ புதிதாக லைசென்ஸ் எடுத்து அதே பாலிசியில் இருந்தால் இன்னும் வலிக்கும்.

ஜார்ஜியாவில் 'சூப்பர் ஸ்பீடர்' என்று ஒன்று உண்டு. இரண்டு லேன் சாலையில் 75, மற்ற எந்தச் சாலையிலும் 85 தொட்டால், உள்ளூர் அபராதத்துக்கு மேல் மாநிலத்துக்கு 200 டாலர். அட்லாண்டா நண்பர்கள் பலர் அந்த இரண்டாவது கடிதம் வரும்போதுதான் இதைக் கேள்விப்படுகிறார்கள்.

பணம் கட்டுவது என்றால் பெரும்பாலும் குற்றத்தை ஒப்புக்கொள்வதுதான். அவசரப்பட்டு ஆன்லைனில் கார்டைத் தட்டுமுன் கீழே உள்ள வழிகளைப் பாருங்கள்.

டிக்கெட் வந்த பிறகு பாயின்டைத் தவிர்க்க வழி உண்டா?

உண்டு. டிடெக்டருக்குச் செலவழிப்பதை விட இதைத் தெரிந்துகொள்வது லாபம் என்பது என் கட்சி.

டெக்சாஸில் டிஃபென்சிவ் டிரைவிங் வகுப்பு எடுத்து டிக்கெட்டையே தள்ளுபடி செய்யலாம். 12 மாதத்தில் ஒருமுறைதான். வரம்புக்கு மேல் 25 மைல் அல்லது அதற்கு மேல் போயிருந்தாலோ, 95ஐத் தொட்டிருந்தாலோ கிடையாது. டிக்கெட்டில் போட்ட தேதிக்குள் கேட்க வேண்டும்.

கலிஃபோர்னியாவில் 18 மாதத்துக்கு ஒருமுறை டிராஃபிக் ஸ்கூல். அபராதம் கட்ட வேண்டும், ஆனால் பாயின்ட் இன்ஷூரன்ஸ் கண்ணுக்குத் தெரியாது. அங்கே இன்னொன்றும் இருக்கிறது: நேரில் போகாமலே எழுத்தில் வழக்காடலாம். அபராதத் தொகையை முன்பணமாகக் கட்டி, உங்கள் தரப்பை எழுதி அனுப்ப வேண்டும். தோற்றால் புதிதாக நேரில் விசாரணை கேட்கும் உரிமையும் உண்டு.

நியூ ஜெர்சியில் உள்ளூர்க் கோர்ட்டுக்குப் போய் பிராசிக்யூட்டரிடம் (அரசுத் தரப்பு வக்கீல்) பேசினால், பல சமயம் 'அன்சேஃப் டிரைவிங்' என்று குறைத்துத் தருவார்கள். பாயின்ட் இல்லை, ஆனால் 250 டாலர் சர்சார்ஜ் கூட வரும். ஐந்தாண்டுக்குள் மூன்றாவது முறை என்றால் இந்தச் சலுகைக்கும் 4 பாயின்ட்.

"ரேடார் கன் தப்பா காட்டுச்சு" என்று வாதாடலாமா என்பார்கள். 1979இல் ஃபுளோரிடாவின் டேட் கவுன்டியில் அப்படி ஒரு புகழ்பெற்ற வழக்கு நடந்தது. ஒரு பனைவகை மரம் 86 மைல் வேகத்திலும் ஒரு வீடு 28 மைல் வேகத்திலும் போவதாக ரேடார் காட்டியதைத் தொலைக்காட்சிக்காரர்கள் படம்பிடித்திருந்தார்கள். நீதிபதி ரேடார் சாட்சியத்தை ஏற்க மறுத்தார். இன்றைய கருவிகள் அந்தக் காலத்தவை போல இல்லை. கன் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கும் டியூனிங் ஃபோர்க் சோதனை, அளவீட்டுச் சான்றிதழ் ஆகியவற்றின் பதிவைக் கேட்கலாம், தவறில்லை. மரத்தை நம்பி மட்டும் கோர்ட்டுக்குப் போகாதீர்கள்.

வெளிமாநில டிக்கெட்டைக் கண்டுகொள்ளாமல் விட்டால்?

உங்கள் மாநில லைசென்ஸே சஸ்பெண்ட் ஆகலாம். பெரும்பாலான மாநிலங்கள் தகவலைப் பரிமாறிக்கொள்ளும் ஒப்பந்தத்தில் இருக்கின்றன.

வெர்ஜீனியாவைப் பற்றி ஏன் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்?

பயப்பட வேண்டிய இடம்தான். வரம்பை 20 மைல் தாண்டினாலோ, எந்த ரோடானாலும் 85க்கு மேல் போனாலோ, அது வெறும் டிராஃபிக் டிக்கெட் இல்லை, 'ரெக்லெஸ் டிரைவிங்'. கிளாஸ் ஒன் மிஸ்டிமீனர், அதாவது கிரிமினல் குற்றம். அதிகபட்சம் 12 மாதம் சிறை, 2,500 டாலர் அபராதம். 70 மைல் ரோட்டில் 86 போனால் வரம்புக்கு மேல் 16 மைல்தான்; ஆனாலும் மாட்டிக்கொள்வீர்கள். வேறு மாநிலத்தில் இது சாதாரண டிக்கெட்டாகப் போயிருக்கும்.

எச்-1பி, கிரீன் கார்டு வரிசை, சிட்டிசன்ஷிப் என்று ஏதாவது ஒரு கட்டத்தில் இருப்பவர்கள் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சாதாரண ஸ்பீடிங் டிக்கெட்டால் விசா போகும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் குற்றப் பதிவு இருக்கிறதா என்று படிவங்கள் கேட்கும்போது, ரெக்லெஸ் டிரைவிங் தீர்ப்பை மறைக்க முடியாது. அந்த சம்மன் கையில் வந்தால் அந்தக் கவுன்டியின் டிராஃபிக் வக்கீல் ஒருவரையும், உங்கள் இமிக்ரேஷன் வக்கீலையும் பார்த்த பிறகே எதையும் ஒப்புக்கொள்ளுங்கள்.

பின்னால் சிவப்பு நீல விளக்கு எரிகிறது. என்ன செய்ய?

இண்டிகேட்டர் போட்டு வலப்பக்கம் ஒதுங்குங்கள். எஞ்சினை அணைத்து, ஜன்னலை இறக்கி, ராத்திரி என்றால் உள்விளக்கைப் போட்டு, இரண்டு கையும் ஸ்டியரிங் மேலே. காரை விட்டு இறங்காதீர்கள். ஊரில் வண்டியை ஓரம்கட்டி இறங்கிப் போய் "சார்" என்று பேசிப் பழகிய கால் தானாகவே கதவைத் திறக்கும்; இங்கே அது மிரட்டலாகத் தெரியும். இன்ஷூரன்ஸ் தாளை எடுக்க கிளவ் பாக்ஸைத் திறப்பதானால் சொல்லிவிட்டுத் திறங்கள். பெற்றோர் ஊரிலிருந்து வந்து பின் சீட்டில் இருந்தால் அவர்களிடமும் அசையாமல் இருக்கச் சொல்லுங்கள். பணம் என்ற பேச்சே எடுக்கக் கூடாது, விளையாட்டுக்குக் கூட. டிக்கெட்டில் கையெழுத்துப் போடச் சொன்னால் போடுங்கள். அது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது. வாதத்தைக் கோர்ட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடியில் டிடெக்டர் மின்னிக்கொண்டிருப்பதைப் பார்த்த பிறகு, வெறும் வார்னிங் கொடுத்து அனுப்பும் மனசு அவருக்கு வருமா என்பதையும் யோசித்து வாங்குங்கள்.

டிடெக்டர் இருந்தால் எவ்வளவு நேரம் மிச்சம்?

எடிசனிலிருந்து டி.சி. ஏறத்தாழ 200 மைல். 65இல் போனால் மூன்று மணி ஐந்து நிமிடம், 80இல் போனால் இரண்டரை மணி. காகிதத்தில் 35 நிமிட மிச்சம். டெலாவேர் டோல், பால்டிமோர் சுரங்கம், நடுவில் ஒரு காபி எல்லாம் சேர்ந்தால் அதில் பாதி கூடத் தேறாது. வேகத்தால் நடக்கும் விபத்துகளில் இந்த நாட்டில் ஆண்டுக்கு 11 ஆயிரம் பேருக்கு மேல் சாகிறார்கள். டிடெக்டர் நல்ல உபயோகம் தருவது இறக்கத்தில் வண்டி தானாக 65இலிருந்து 74க்குப் போய்விடும் சமயத்தில்தான். அதையே கார் காட்டும் வேக எச்சரிக்கையும் குரூஸ் கன்ட்ரோலும் இலவசமாகச் செய்கின்றன.

ஜாமர் என்று ஒன்று விற்கிறார்களே?

போலீஸ் கன்னைக் குழப்பி வேகத்தை அளக்கவிடாமல் செய்யும் கருவி அது. ரேடார் ஜாமர் நாடு முழுவதும் சட்டவிரோதம். லேசர் ஜாமருக்கு அப்படி ஒரே மத்தியத் தடை இல்லை. கலிஃபோர்னியா, டெக்சாஸ், வெர்ஜீனியா உட்படச் சில மாநிலங்கள் தடை செய்திருக்கின்றன. ஆன்லைனில் முப்பது டாலருக்கு 'ரேடாரைக் குழப்பும்' என்று வருபவை பெரும்பாலும் எதையும் குழப்புவதில்லை. கேமராவில் தெரியாமல் இருக்க நம்பர் பிளேட் மேல் அடிக்கும் ஸ்ப்ரேயும் அப்படித்தான்.